வீணை வாங்கும்போது முதலில் தண்டியைப் பாருங்கள்



ஆடித் தபசு முடிந்துவிட்டால் அடுத்து நவராத்திரிதான். விஜயதசமி அன்று பிள்ளைகளைப் பாட்டிலோ வாத்தியத்திலோ சேர்த்துவிடுவது நம் வணிகர் வீடுகளிலும் வழக்கமாகிவிட்டது. மகிழ்ச்சியான விஷயம். "அண்ணாச்சி, பிள்ளைக்கு வீணை எடுக்கணும், எங்கே எடுக்கலாம், என்ன விலை ஆகும்?" என்று கடைக்கு வருகிறவர்கள் என்னைக் கேட்பதுண்டு. இந்த இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். "இந்த வீணை என் பிள்ளையின் கைக்கு அடங்குமா?" என்பதை யாரும் கேட்பதில்லை. அதுவே முதல் கேள்வியாக இருக்கவேண்டும். ஏன் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

நான் வித்துவான் அல்ல. வத்தல், பருப்பு மொத்த வியாபாரி. எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக வீணை இருக்கிறது. சரக்கு விஷயமாகத் தஞ்சாவூர் போகும் சமயங்களில் வீணைப் பட்டறைகளில் உட்கார்ந்து வேலையைப் பார்த்திருக்கிறேன். கற்றுக்கொடுக்கும் ஆசிரியைகளிடம் கேட்டும் இருக்கிறேன். அப்படித் தெரிந்துகொண்டதையே எழுதுகிறேன்.

நம் சீமைக்கும் வீணைக்கும் உள்ள உறவு

வீணை என்றால் தஞ்சாவூர் என்பது எல்லோருக்கும் தெரியும். 1600 முதல் 1634 வரை தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில்தான் 24 மெட்டுகள் நிலையாகப் பதித்த வீணை உருவாயிற்று என்று சொல்வார்கள். தஞ்சாவூர் வீணைக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் வீணை நமக்கு அந்நியச் சரக்கு அல்ல. கோவில்பட்டியைத் தாண்டினால் எட்டயபுரம். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் வீணை வாசிப்பில் வல்லவர். அவர் கடைசிக் காலத்தில் வந்து தங்கியதும், 1835இல் காலமானதும் அந்த எட்டயபுரத்தில்தான். அவருடைய சமாதி இன்றும் அங்கே இருக்கிறது. அதே பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெரிய நூலை 1904இல் வெளியிட்டதும் எட்டயபுரத்திலிருந்துதான். ஆகவே கரிசல் காட்டுக்கும் வீணைக்கும் சம்பந்தமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

உறுப்புகள்

வாங்கப் போகும் பொருளின் உறுப்புகளை அறிந்து போனால்தான் விற்பவர் சொல்வது புரியும். வலப்பக்கம் உருண்டையாக இருப்பது குடம். ஒலி பிறப்பது அதில்தான். குடத்திலிருந்து இடப்பக்கமாக நீண்டு போவது தண்டி. கிடாரில் 'நெக்' என்று சொல்கிறார்களே, அதற்குச் சமமானது. தண்டியின் முனையில் யாளி முகம். அதற்கு முன்னால் கம்பிகளை முறுக்கும் பிரடைகள். தண்டியின் அடியில், யாளி பக்கமாக, சுரைக்காய் பொருத்தியிருக்கும். தண்டியின் மேல் இரு ஓரங்களிலும் மெழுகு வைத்து, அதில் 24 உலோக மெட்டுகளைப் பதித்திருப்பார்கள். கம்பிகள் மொத்தம் ஏழு. நான்கு மெட்டுகளின் மேல் ஓடும். மற்ற மூன்றும் பக்கவாட்டில் ஓடும் தாளக் கம்பிகள். கம்பி தொடங்கும் இடத்துக்கு மேரு என்று பெயர். மறுமுனையில் குடத்தின் மேல் கம்பியைத் தாங்குவது குதிரை.

மரம் பலா. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவை விரும்பி வாங்குகிறார்கள். ஒரே மரத்தில் குடம், தண்டி, முனை மூன்றையும் குடைந்து செய்வது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து இணைப்பது ஒட்டு வீணை. பெரிய மரம் தேவைப்படுவதால் ஏகாண்டத்துக்கு விலை அதிகம்.

கை போகிற வழி

வாசிப்பவர் தரையில் சம்மணமிட்டு அமர்கிறார். குடம் வலப்பக்கம் தரையில் இருக்கிறது. சுரைக்காய் இடது தொடையில் படிகிறது. இடது கை தண்டிக்கு அடியில் புகுந்து, மணிக்கட்டு வளைந்து, விரல்கள் மறுபுறமாக மேலே வந்து மெட்டுகளின் மேல் கம்பியை அழுத்த வேண்டும். அதாவது கை தண்டியைச் சுற்றி வளைக்கிறது. இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

தண்டி பருமனாக இருந்தால் சிறிய கை சுற்றி வருவதிலேயே பாதித் தூரம் போய்விடும். விரல் நுனி பக்கத்துக் கம்பிக்கு எட்டும்; நான்காவது கம்பிக்கு எட்டாது. எட்ட வைப்பதற்காகப் பிள்ளை மணிக்கட்டை ஒடித்துத் திருப்பும், தோளைத் தூக்கும், உடம்பைச் சாய்க்கும். பத்து நிமிடத்தில் கை கடுக்கும். அரை மணி நேரத்தில் "தண்ணீர் குடிச்சிட்டு வாரேன்" என்று எழுந்து போகும். வீட்டில் இருப்பவர்கள் அதைச் சோம்பல் என்பார்கள்.

இந்த ஊரிலேயே எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக்கடைக்காரர், ஒன்பது வயது மகளுக்காக நல்ல ஏகாண்ட வீணையாகப் பார்த்து வாங்கினார். யாளியும் வேலைப்பாடும் கண்ணைப் பறிக்கும். "வளர்ற பிள்ளைதானே, பெரிசாவே இருக்கட்டும்" என்றார். எட்டு மாதத்தில் அந்தப் பெண் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். "அவளுக்கு வராது" என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். அவள் படித்து, திருமணமாகி வெளியூர் போய்விட்டாள். பல வருஷம் கழித்து, மகன் வழிப் பேத்திக்குக் கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியை வந்தார். பரணிலிருந்து வீணையை இறக்கி மடியில் வைத்துப் பார்த்தார். "இந்தத் தண்டி நல்ல உயரமான ஆண்பிள்ளைக்கே சிரமம். சின்னப் பிள்ளை எப்படி வாசிச்சது?" என்று கேட்டார். கடைக்காரர் பதில் சொல்லவில்லை. 'வராது' என்ற ஒரு வார்த்தையை அந்தப் பெண் இத்தனை வருஷம் சுமந்திருக்கிறாள். குறை இருந்தது தண்டியில்.

பாவாடை சட்டை எடுக்கும்போது இரண்டு அளவு பெரிதாக எடுப்போம்; பிள்ளை வளர்ந்து போட்டுக்கொள்ளும். வாத்தியத்தில் அந்தக் கணக்கு செல்லாது. வளரும் வரை காத்திருக்கப் பிள்ளையின் ஆர்வத்துக்குப் பொறுமை இருக்காது. இன்றைய கைக்கு எது அடங்குமோ அதைத்தான் வாங்கவேண்டும்.

நீளக் கணக்கு

பருமனுக்கு அடுத்தது நீளம். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. மேருவிலிருந்து குதிரை வரை கம்பியின் நீளம் 32 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 12ஆம் மெட்டு ஏறக்குறைய பாதியில், அதாவது 16 அங்குலத்தில் வரும். அடுத்த 12 மெட்டுகள் அதற்கடுத்த 8 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். ஆக 24 மெட்டுகளும் கம்பியின் முக்கால் பங்கு நீளத்தில் இருக்கின்றன. மேரு அருகில் மெட்டுக்கு மெட்டு ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல்; குடத்தருகில் அரை அங்குலத்துக்கும் குறைவு.

இதன் பொருள் என்ன? வாசிப்பவரின் இடது கை, தண்டிக்கு அடியில் வளைந்த நிலையிலேயே 24 அங்குலம் போய்வர வேண்டும். பெரியவருக்கு இது ஒரு பொருட்டல்ல. எட்டு வயதுப் பிள்ளைக்கு முனைப்பக்கம் போகும்போது முழங்கை நிமிர்ந்துவிடும். நிமிர்ந்த கையால் கம்பியை அழுத்த வலு வராது. கம்பி நீளம் 26 அங்குலமாக இருந்தால் கை போய்வரும் தூரம் பத்தொன்பதரை அங்குலமாகக் குறையும். சிறுவர்களுக்கென்று அளவு குறைத்துச் செய்யும் சின்ன வீணைகளும் உண்டு. முன்கூட்டியே சொல்லிச் செய்விப்பது நல்லது.

சின்ன வீணையிலும் ஒரு குறை இருப்பதை மறைக்கக்கூடாது. ஒலி சற்றுக் குறையும். அதே சுருதியில் வைத்தால் கம்பி தொய்வாக இருக்கும். மேலே சொன்ன இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டால் அதே கம்பிக்கு இழுவிசை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஆகவே எந்தச் சுருதியில் வாசிப்பது, எந்தத் தடிமனில் கம்பி போடுவது என்பதை ஆசிரியையைக் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும்.

மெலிந்த தண்டி போதுமா?

இதுவரை படித்தவர்கள் "அப்படியானால் மிகவும் ஒல்லியான தண்டியாக வாங்கிவிடலாமே" என்று நினைக்கலாம். அதுவும் சரியல்ல. வீணையில் விரலைக் கம்பிமேல் வைத்து அழுத்துவதோடு வேலை முடிவதில்லை. கம்பியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்து வாசிக்கவேண்டும். கமகம் பிறப்பது அந்த இழுப்பில்தான். ஒரே மெட்டில் நின்று கம்பியை இழுத்தே அடுத்தடுத்த ஸ்வரங்களைக் கொண்டுவருவார்கள். அதற்கு மெட்டில் இடம் வேண்டும். தண்டியின் மேற்பரப்பு மிகக் குறுகலாக இருந்தால் கம்பிகள் நெருங்கிவிடும். ஒன்றை இழுக்கும்போது மற்றது உரசும். மேற்பரப்பில் போதிய அகலம், அடிப்பக்கத்தில் கைக்கு அடங்கும் உருட்சி, இரண்டும் சேர்ந்து அமைந்த தண்டியே நல்ல தண்டி. அகலம் ஒன்றாகவே இருந்தாலும் அடிப்பக்கம் தட்டையாக, மூலை தெரியும்படி இருந்தால் கையில் குத்தும். உருண்டு வழுவழுப்பாக இருந்தால் பருமன் கொஞ்சம் கூடினாலும் கை ஏற்றுக்கொள்ளும். எனவே அளவுக்கோலை மட்டும் நம்பாமல் கையை வைத்துப் பார்க்கவேண்டும்.

கடையில் செய்யவேண்டிய சோதனைகள்

வத்தல் மூட்டையைக் குத்தூசி போடாமல் வாங்குகிற வியாபாரி உண்டா? துவரம் பருப்பை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்காமல் விலை பேசுவோமா? வீணைக்கும் அப்படிச் சில சோதனைகள் இருக்கின்றன.

1. பிள்ளையை உடன் அழைத்துப் போங்கள். தரையில் சம்மணமிட்டு உட்காரச் சொல்லுங்கள். நாற்காலியில் வைத்துப் பார்ப்பது பயனற்றது.

2. சுரைக்காய் தொடையில் படிந்ததும் தோளைக் கவனியுங்கள். இடது தோள் உயர்ந்து நின்றால் சுரைக்காய் பெரிது என்று அர்த்தம். பொதுவாகச் சுரைக்காயைத் திருகிக் கழற்றலாம். சிறியதாக மாற்றினால் தண்டி தாழும். வீணையையே வேண்டாமென்று சொல்லும் முன் இதைச் செய்து பார்க்கலாம்.

3. முதல் மெட்டு, 12ஆம் மெட்டு, 24ஆம் மெட்டு ஆகிய மூன்று இடங்களிலும் நான்கு கம்பிகளையும் விரல் நுனியால் அழுத்தச் சொல்லுங்கள். எந்த இடத்திலும் மணிக்கட்டு ஒடிந்து நிற்கக்கூடாது.

4. பத்து நிமிடம் மடியில் வைத்திருக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பேச்சுக் கொடுங்கள். முதல் நிமிடத்தில் எல்லா வீணையும் நன்றாகத்தான் இருக்கும். ஏழாவது நிமிடத்தில் பிள்ளை கையை உதறுகிறதா என்று பாருங்கள்.

5. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தண்டியின் நீளவாக்கில் நோக்குங்கள். வளைவு தெரிந்தால் நடுப்பகுதியில் கம்பி மெட்டைவிட்டு உயர்ந்து நிற்கும். உயரம் கூடினால் அழுத்துவது கஷ்டம், விரல் அறுபடும். உயரம் மிகவும் குறைந்தால் கம்பி மெட்டில் அடித்து இரையும். 24 மெட்டுகளிலும் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேளுங்கள்.

6. பழைய பருத்தித் துணி ஒன்றை எடுத்துத் தண்டியின் அடிப்பக்கமும் ஓரமும் தேய்த்துப் பாருங்கள். நூல் சிக்கினால் பிள்ளையின் தோலும் சிக்கும். ஓர வேலைப்பாடு தூக்கிக்கொண்டிருந்தால் இழைத்துத் தரச் சொல்லுங்கள்.

7. ஒட்டு வீணையானால் குடமும் தண்டியும் சேரும் இடத்தில் விரிசல் உண்டா என்று விளக்கொளியில் பாருங்கள். நன்றாகச் சேர்த்த ஒட்டு வீணையில் பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்கு ஒரு தடையும் இல்லை. ஏகாண்டம் என்ற பெயருக்காகக் கைக்கு அடங்காததை வாங்குவதைவிட, கைக்கு அடங்கும் ஒட்டு வீணை ஆயிரம் மடங்கு மேல்.

8. எடையையும் தூக்கிப் பாருங்கள். வாசிக்கும்போது பாரத்தின் பெரும்பங்கைத் தரை தாங்கும். ஆனால் வகுப்புக்குப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவது பெரும்பாலும் தாய்மார்கள்தான்.

மெழுகும் நம் ஊர் வெயிலும்

மெட்டுகள் நிற்பது மெழுகில் என்று சொன்னேன். வெயில் பட்டால் மெழுகு இளகும்; மெட்டு அமிழும் அல்லது சாயும். அப்புறம் ஸ்வரம் பிசகும், கம்பியின் உயரமும் மாறும். பங்குனி, சித்திரை வெயிலில் வீணையை லாரியின் மேலோ மூடிய காருக்குள்ளோ வைத்துக் கொண்டுவராதீர்கள். வீட்டிலும் ஜன்னல் ஓரத்தில் வைக்கக்கூடாது. சில வருஷங்களுக்கு ஒருமுறை மெழுகைப் புதுப்பித்து மெட்டுகளை மறுபடி கட்டவேண்டியிருக்கும். அது வீணையின் இயல்பு. மோசமான சரக்கு என்று நினைக்கவேண்டாம்.

பழைய வீணை வாங்குவோரும் இதைக் கவனிக்கவேண்டும். மெட்டு சாய்ந்திருப்பதைச் சரிசெய்துவிடலாம். தண்டி வளைந்திருந்தால் அது பெரிய வேலை. தண்டியின் பருமனையோ மாற்றவே முடியாது. விலை பேசும்போது சரிசெய்யக்கூடிய குறை எது, முடியாத குறை எது என்று பிரித்துப் பார்த்துப் பேசுங்கள்.

யுகலேலி, கிடார் கேட்கும் பிள்ளைகளுக்கு

இப்போது பல பிள்ளைகள் யுகலேலி வேண்டும் என்கிறார்கள். நான்கு கம்பிகள் கொண்ட சின்ன வாத்தியம். போர்ச்சுகலைச் சேர்ந்த மதீரா தீவிலிருந்து 1879இல் கப்பலேறி ஹவாய்த் தீவுக்குப் போன தச்சர்கள், தங்கள் ஊர் வாத்தியத்தை வைத்து அங்கே உருவாக்கியது. அதிலும் நாம் சொன்ன விதிதான். சோப்ரானோ என்ற சிறிய வகையில் கம்பி நீளம் சுமார் பதின்மூன்றரை அங்குலம். முதல் மெட்டு 19 மில்லிமீட்டரிலேயே வந்துவிடும். டெனர் என்ற வகையில் கம்பி 17 அங்குலம். முதல் மெட்டு 24 மில்லிமீட்டர். சாதாரணக் கிடாரில் அதுவே 36 மில்லிமீட்டர் ஆகிவிடும். சிறு கைக்கு முன்னது வசதி. ஆனால் தடித்த விரல் உள்ள பெரியவருக்கு அதில் விரல்கள் நெருக்கியடிக்கும்.

கழுத்தின் அகலத்தையும் பார்க்கவேண்டும். கம்பி தொடங்கும் இடத்தில் சில யுகலேலிகள் 35 மில்லிமீட்டர், சில 38 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். நான்கு கம்பிகளுக்கு நடுவே அதைப் பகிர்ந்து பார்த்தால், ஒரு கம்பியை அழுத்தும் விரல் பக்கத்துக் கம்பியில் படுமா படாதா என்பதை அதுவே தீர்மானிக்கிறது. படத்தைப் பார்த்துத் தபாலில் வரவழைப்பவர்கள் இந்த அளவைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, திருப்பி அனுப்ப வசதி உண்டா என்று உறுதி செய்தபின் பணம் கட்டுங்கள்.

முடிவாக

வீணை சொல்லிச் செய்விப்பதானால் நவராத்திரிக்கு முந்தின வாரம் போய் நிற்காதீர்கள். ஆடியிலேயே போய் அளவு கொடுங்கள். பிள்ளையின் முழங்கை முதல் நடுவிரல் நுனி வரை ஓர் அளவு, விரித்த கையில் கட்டைவிரல் முதல் சுண்டுவிரல் வரை ஓர் அளவு, இரண்டையும் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். கூடுமானால் ஆசிரியையையும் உடன் அழைத்துப் போங்கள். அவருடைய பஸ் செலவு, நீங்கள் யாளியின் வேலைப்பாட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு மூலைக்குக் காணாது.

ஏற்கெனவே வீணை வாங்கி, பிள்ளை வாசிக்காமல் பரணில் ஏற்றி வைத்திருப்பவர்கள் நம் சங்கத்திலேயே பலர் இருப்பீர்கள். பிள்ளையைக் குறை சொல்லுமுன் அந்த வீணையை ஒருமுறை இறக்குங்கள். மேலே சொன்ன எட்டுச் சோதனைகளையும் செய்து பாருங்கள். சுரைக்காயை மாற்றினாலோ மெட்டுகளைச் சரிசெய்தாலோ போதும் என்றால் உடனே செய்யுங்கள். தண்டியே ஒத்துவரவில்லை என்றால், வளர்ந்த பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அதைக் கொடுத்துவிட்டு, உங்கள் பிள்ளைக்கு அதன் கைக்கு ஏற்றதை வாங்கிக் கொடுங்கள். "உனக்கு வராது" என்ற சொல்லை மட்டும் அதற்கு முன்னால் சொல்லிவிடாதீர்கள்.